மலைப்பகுதிப் பட்டறைக்கு எந்தக் கடைசல் இயந்திரம்?

மாட்டுப்பட்டி என்றதும் அணைக்கட்டும் கால்நடைப் பண்ணையும் நினைவுக்கு வருவது இயல்பே. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கப்பெற்றது. நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் ஏலக்காய் மலைகள். இங்கு உழைப்போரில் பெரும்பாலோர் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

இப்பகுதியின் பொருளாதாரம் இலையையும் பாலையும் ஏலத்தையும் நம்பியிருப்பதாகத் தோன்றினும், சுழலும் இயந்திரங்களையும் அது அதே அளவுக்கு நம்பியிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டும் தொட்டியின் மின்விசிறி நின்றுவிட்டால், அன்று பறித்த கொழுந்து புழுங்கிக் கெடும். ஏலக்காய் உலர்த்தும் கூடத்தின் காற்றூதி நின்றால் காயின் பச்சை நிறம் போய்விடும். பெரும்பாலான வேளைகளில் தேய்ந்தோ முறிந்தோ போவது ஒரு ஷாஃப்ட், ஒரு புஷ், ஒரு கப்பி ஆகியவற்றுள் ஒன்றே. பொருளின் விலை சிறிது. அது வந்து சேரும்வரை ஏற்படும் இழப்போ பெரிது. சிறிது நுட்பமான கடைசல் வேலை என்றாலும் மறையூர் வழியாக உடுமலைக்கும் கோவைக்கும், அல்லது மலையிறங்கிக் கொச்சிக்கும் ஆள் போக வேண்டியுள்ளது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் மூணாறுச் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது.

இத்தகைய பாகங்களை மலையிலேயே செய்ய இயலுமா? ஐ.டி.ஐ. பயிற்சி பெற்றுச் சமவெளித் தொழிற்சாலைகளை நாடிச் செல்லும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை தர இயலுமா? கணிப்பொறி எண்வழிக் கட்டுப்பாட்டுக் கடைசல் இயந்திரம், அதாவது பட்டறை வழக்கில் சி.என்.சி. லேத், இதற்கு உதவக்கூடும். ஆனால் எந்த லேத் என்பதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், கடன் தவணை மட்டுமே தவறாமல் ஓடும், இயந்திரம் ஓடாது. ஆகவே தேர்வுமுறையைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது.

எண்வழிக் கட்டுப்பாடு

சாதாரண லேத்தில் தொழிலாளி கைச்சக்கரத்தைச் சுழற்றி வெட்டுளியை நகர்த்துகிறார். எண்வழி லேத்தில் இப்பணியைச் சர்வோ மோட்டார்கள் செய்கின்றன. உளி எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்த வேகத்தில் செல்லவேண்டும் என்பது எண்களாக எழுதப்பட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவாகிறது. இம்முறையில் இயங்கிய துருவல் இயந்திரம் ஒன்றை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ஆம் ஆண்டில் செயல்படுத்திக் காட்டியது.

இந்தியாவில் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்கு அடித்தளமிட்டது எச்.எம்.டி. நிறுவனம். சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1953-ஆம் ஆண்டில் அது பெங்களூரில் அமைந்தது. 1960-களில் கேரளத்தின் களமசேரியில் தொடங்கிய அதன் பிரிவு லேத்துகளை உருவாக்கி வந்தது. இத்துறையின் ஆராய்ச்சிக்கென மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் 1962-இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. இன்று கோவை, பெங்களூர், ராஜ்கோட் ஆகிய நகரங்களில் எண்வழி லேத்துகள் தயாராகின்றன. எனவே சிறுதொழில் முனைவோர் அயல்நாட்டு இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப் பல வகைகள் உள்ளன என்பதே இன்றைய சிக்கல்.

தயார் செய்யும் நேரம்

விற்பனைக் குறிப்பேடுகள் ஸ்பிண்டிலின் உச்ச வேகத்தையும் உளி விரைந்து நகரும் வேகத்தையும் முதலில் சொல்கின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே பொருளைச் செய்யும் தொழிற்சாலைக்கு இவை முக்கியம். மாதிரிப் பொருளும் சிறு தொகுதிகளும் செய்யும் பட்டறைக்கு முதலிற் பார்க்க வேண்டியது, ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு இயந்திரத்தைத் தயார் செய்ய ஆகும் நேரமே. பட்டறையில் இதனைச் ‘செட்டிங்’ என்பர்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாகத்துக்குச் செட்டிங் 90 நிமிடமும், ஒவ்வொன்றையும் கடைய 7 நிமிடமும் ஆவதாகக் கொள்வோம். 20 பாகங்களுக்கு மொத்தம் 230 நிமிடம் ஆகும். வேகமான இயந்திரம் வாங்கிக் கடையும் நேரத்தில் 10 விழுக்காடு குறைத்தால் 14 நிமிடம் மிச்சம். செட்டிங் நேரத்தைப் பாதியாக்கினாலோ 45 நிமிடம் மிச்சம். அதே பாகத்தில் 500 செய்யவேண்டுமெனில் கணக்கு தலைகீழாகிறது: வேகத்தால் 350 நிமிடம் மிச்சம், செட்டிங் குறைவதால் அதே 45 நிமிடம்தான். தோட்டத் தொழிற்சாலைகளின் தேவை ஐந்தும் பத்தும் இருபதுமாக இருக்கையில், வேகத்துக்கென அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை.

எண்வழி லேத் எல்லா வேலைக்கும் இலாபம் தருவதன்று என்பதையும் இதே முறையில் அறியலாம். சாதாரண லேத்தில் இப்பாகத்துக்குச் செட்டிங் 20 நிமிடம், கடைதல் 25 நிமிடம் என்றும், எண்வழி லேத்தின் ஒரு மணி நேரச் செலவு சாதாரண லேத்தைப் போல் மூன்று மடங்கு என்றும் கொள்வோம். புதிய பாகமாக இருந்தால், 63 அல்லது அதற்கு மேல் செய்யும்போதுதான் எண்வழி லேத் மலிவாகிறது. முன்பே செய்த பாகமாகி, நிரலும் பிடிப்புத் தாடைகளும் சேமிப்பில் இருந்து, செட்டிங் 30 நிமிடமாகக் குறைந்தால் 18 பாகங்கள் போதும். செட்டிங் 15 நிமிடமானால் 7 பாகங்களிலேயே ஆதாயம் தொடங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பழைய லேத்தை விற்றுவிடக் கூடாது. ஒன்றிரண்டு எளிய பாகங்களுக்கு அதுவே சிக்கனமானது. இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் பாகங்களின் நிரல், உளிகளின் அமைப்பு, பயன்படுத்திய தாடை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துப் பாதுகாக்கும் பட்டறைக்கே எண்வழி லேத் முழுப்பயன் தரும். சரிவுகளும் வளைவுகளும் மரைகளும் நிறைந்த மாதிரிப் பொருள் மட்டும் இக்கணக்குக்கு விலக்காகும். வடிவமைப்பில் ஓர் அளவை மாற்றினால் நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்ற வசதி, ஒரே ஒரு பாகத்துக்கும் எண்வழி முறையைப் பொருத்தமாக்குகிறது.

பொருளிலிருந்து இயந்திரத்துக்கு

இயந்திரத்தைப் பார்த்துவிட்டு அதற்கு வேலை தேடுவது பலர் கையாளும் முறை. வேலையைப் பட்டியலிட்டு அதற்கேற்ற இயந்திரத்தைத் தேடுவதே சரியான முறை. ஓராண்டில் வந்த, அல்லது சுற்றுவட்டாரத்திலிருந்து வெளியூருக்குச் சென்ற, கடைசல் வேலைகளை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உச்ச விட்டம், நீளம், எடை, உலோகம், அளவுப் பிழை வரம்பு, தொகுதியின் எண்ணிக்கை, ஆண்டில் எத்தனை முறை என்னும் ஏழு விவரங்கள் தேவை.

அப்பட்டியலில் பத்தில் எட்டு வேலைகளை ஏற்கும் அளவே தேர்வுக்குரிய அளவு. மிகப் பெரிய ஒரு வேலைக்காக இயந்திரத்தைப் பெரிதாக்கலாகாது. தேயிலைத் தொழிலிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1930-ஆம் ஆண்டளவில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறது. ஒன்றையொன்று எதிர்த்து, பத்துக்கு ஒன்று என்ற வேக விகிதத்தில் சுழலும் பல்வரிசை உருளைகளே இதன் உயிர்நாடி. பல் மழுங்கிய உருளைகளை அவ்வப்போது லேத்திலேற்றிப் பள்ளம் வெட்டிக் கூராக்க வேண்டும். உருளையின் விட்டம் சுமார் 8 அங்குலம். நீளம் 36 அங்குலம் வரை. இருபுறமும் நீளும் ஷாஃப்ட் இதற்கு மேல். சிறிய எண்வழி லேத்தில் இதனை ஏற்ற இயலாது. ஏற்றக்கூடிய பெரிய லேத்தை வாங்கினால், ஆண்டின் பெரும்பகுதி அது சின்னஞ்சிறு புஷ்களைக் கடைந்துகொண்டிருக்கும். இவ்வேலையை அதற்கென்றே அமைந்த இயந்திரங்களுள்ள பட்டறைகளுக்கு விட்டுவிட்டு, ஷாஃப்ட், புஷ், கப்பி, தெளிப்பான் பம்பின் பாகங்கள், தீவனம் நறுக்கும் இயந்திரத்தின் உதிரிகள் ஆகியவற்றை மேற்கொள்வதே மலைப்பட்டறைக்கு உகந்தது.

நான்கு வகைகள்

சந்தையிலுள்ள எண்வழி லேத்துகளை இத்தேவை நோக்கி நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, தட்டைப் படுகை லேத். தோற்றத்தில் பழைய லேத்தை ஒத்தது. இவ்வகையில் சில மாதிரிகள் மின்னணுக் கைச்சக்கரத்தாலும் இயங்கும். தொழிலாளி கையால் நகர்த்திக் கடையலாம். சரிவோ மரையோ வரும்போது திரையில் அளவுகளைக் கொடுத்துவிட்டு இயந்திரத்திடம் விடலாம். நீண்ட ஷாஃப்டுகளை ஏற்றுவது எளிது. பழுதுபார்க்கும் வேலையும் மாதிரிப் பொருளும் மிகுந்த பட்டறைக்கு இது பெரிதும் ஏற்றது. உலோகச் சுருள்கள் படுகையில் தேங்குவது இதன் குறை.

இரண்டாவது, சாய்வுப் படுகை லேத். படுகை 30 அல்லது 45 பாகை சாய்ந்திருப்பதால் சுருள்கள் தாமே கீழே விழுகின்றன. எட்டு அல்லது பன்னிரண்டு உளிகளைத் தாங்கும் டரெட் சுழன்று, வேண்டிய உளியை முன்னே கொண்டுவரும். அடிக்கடி பயன்படும் உளிகளை டரெட்டிலேயே நிலையாக விட்டுவைத்தால் செட்டிங் நேரம் வெகுவாகக் குறையும். சிறு தொகுதி உற்பத்தியில் மிகப் பரவலாகப் பயன்படுவது இவ்வகையே.

மூன்றாவது, வரிசை உளி லேத். இதில் டரெட் இல்லை. உளிகள் ஒரு பலகைமேல் வரிசையாக நிற்கின்றன. விலை குறைவு, உளி மாறும் நேரமும் குறைவு. ஆனால் சிறிய பாகங்களுக்கே ஏற்றது. உளிகள் ஒன்றோடொன்று இடறாமல் அமைப்பதில் கவனம் வேண்டும். நீண்ட ஷாஃப்டைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பெரும்பாலும் இராது.

நான்காவது, சுழலும் உளிகள், இரண்டாம் ஸ்பிண்டில் முதலியன கொண்ட கடைசல் மையம். கடைவதோடு துளையிடுதலையும் சாவிப் பள்ளம் வெட்டுதலையும் ஒரே பிடிப்பில் முடித்துவிடும். திறன் மிகுதி, விலையும் பழுது நேரும் இடங்களும் அதற்கேற்ப மிகுதி. சாவிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு துருவல் இயந்திரம் இருக்கும் பட்டறை முதல் இயந்திரமாக இதனை வாங்கத் தேவையில்லை.

எவ்வகையாயினும், பிடிப்புக் கருவியில் சிக்கனம் பார்க்கலாகாது. பாகத்தின் விட்டத்துக்கேற்ப இயந்திரத்திலேயே கடைந்து பொருத்தும் மென்தாடைகள் பாகத்தை நடுப்பிறழாமல் பிடிக்கின்றன. விரைவில் மாற்றத்தக்க காலெட் பிடிப்பு, கம்பியிலிருந்து செய்யும் சிறு பாகங்களின் செட்டிங்கைச் சில நிமிடங்களுக்குள் முடிக்க உதவும். இவற்றின் விலையையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேகமும் முறுக்குவிசையும்

உலோகத்தை வெட்டும் வேகம் பாகத்தின் பரப்பு ஒரு நிமிடத்தில் உளியைக் கடந்து செல்லும் தூரத்தால் அளக்கப்படுகிறது. உருக்கை நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் கடைவதாகக் கொண்டால், 40 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,190 முறை சுழலவேண்டும். துருப்பிடிக்கா உருக்கை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் கடையும்போது, 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்பிக்கு 160 சுற்றுகளே போதும். எனவே 5,000 சுற்றுகள் என்ற விளம்பரம் இப்பட்டறைக்கு அதிகம் பயன்படாது. தாழ்ந்த வேகத்திலும் வலுவாக வெட்டத்தக்க முறுக்குவிசை உள்ளதா என்பதே வினா. விற்பவரிடம் மோட்டாரின் கிலோவாட் அளவை மட்டும் கேட்காமல், வேகத்துக்கேற்பத் திறனும் முறுக்குவிசையும் மாறும் வரைபடத்தைக் கேட்டுப் பெறவேண்டும். எவ்வளவு நேரம் தொடர்ந்து அத்திறனைத் தரும் என்பதும் அதில் இருக்கவேண்டும்.

ஸ்பிண்டிலின் உட்துளையும் கவனிக்கத்தக்கது. கம்பியைத் துளை வழியே செலுத்திக் கடையும் பட்டறையில், மிகுதியாகப் பயன்படும் கம்பியைவிடத் துளை சற்றேனும் பெரிதாக இராவிடில், ஒவ்வொரு பாகத்துக்கும் முன்கூட்டியே துண்டு வெட்டவேண்டிய கூடுதல் வேலை வந்து சேரும்.

துல்லியத்தைச் சோதிக்கும் முறை

ஒரு புள்ளிக்குச் சரியாகச் செல்வது ஒன்று. எத்தனை முறை சென்றாலும் அதே இடத்துக்கே செல்வது மற்றொன்று. பின்னது மீள்துல்லியம் எனப்படும். நிலையான பிழையை நிரலில் திருத்திவிடலாம். முறைக்கு முறை மாறும் பிழையைத் திருத்த வழியில்லை. எனவே உற்பத்திக்கு மீள்துல்லியமே உயிர்.

40 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் அமரும் பகுதிக்கு எச்6 என்னும் வரம்பைக் குறித்தால், அனுமதிக்கப்படும் வேறுபாடு 16 மைக்ரான் மட்டுமே. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 16 பங்கு. இவ்வரம்பில் இயந்திரம் நிற்கிறதா என்பதை விற்பவரின் செயல்விளக்கப் பாகத்தைப் பார்த்து அறிய முடியாது. வாங்குபவர் தமது வரைபடத்தையும் உலோகத்தையும் கொண்டுசென்று, இடையில் அளவைத் திருத்தாமல் 30 பாகங்களைத் தொடர்ந்து கடையச் செய்து, ஒவ்வொன்றையும் எண்ணிட்டு அளக்க வேண்டும். முதல் பாகத்துக்கும் முப்பதாம் பாகத்துக்கும் இடையே அளவு ஒரு பக்கமாக நகர்ந்தால், இயந்திரம் சூடாவதாலோ உளி தேய்வதாலோ அது நேர்கிறது. காரணத்தை விளக்குமாறு கேட்பது வாங்குபவரின் உரிமை. அன்றே மற்றொரு பாகத்துக்கு மாறச் சொல்லி, செட்டிங்குக்கு ஆகும் நேரத்தையும் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மலையின் தனித்தேவைகள்

சமவெளியில் நன்றாக ஓடும் இயந்திரம் 1,700 மீட்டர் உயரத்தில் அதேபோல் ஓடும் என்று கருதிவிடக் கூடாது. மின்மோட்டார்களின் திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் எனக் கணக்கிடப்படுகிறது. மாட்டுப்பட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே கொண்டுசெல்லும். எனவே மோட்டார்களையும் அவற்றை இயக்கும் மின்னணுக் கருவிகளையும் முழுச்சுமையில் நெடுநேரம் ஓட்டக்கூடாது. நிறுவும் இடத்தின் உயரத்தைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, அவ்வுயரத்தில் கிடைக்கும் தொடர்திறன் எவ்வளவு என்று எழுத்துமூலம் பெறுவது நலம். காற்றழுத்தியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் தேவை.

வெப்பநிலை மாற்றம் அடுத்தது. பனிக்காலக் காலையில் 8 பாகையாக உள்ள பட்டறை, பிற்பகலில் 22 பாகையாகலாம். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள உருக்கு ஷாஃப்ட் இந்த 14 பாகை மாற்றத்தால் சுமார் 32 மைக்ரான் நீள்கிறது. அளவுகள் யாவும் 20 பாகை வெப்பத்துக்கு உரியனவாகவே வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. காலையில் இயந்திரத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓட்டிச் சூடாக்கிய பின் வேலை தொடங்குவதும், பாகத்தையும் அளவுகோலையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதும் பழக்கமாக வேண்டும்.

மழைக்காலத்தின் ஈரம் மின்னணுப் பலகைகளுக்கும் கடைந்த பரப்புகளுக்கும் கேடு செய்யும். மின்கட்டுப்பாட்டுப் பெட்டி நன்கு மூடப்பட்டிருப்பதும், தரமான நிலஇணைப்பும், மின்னல் காப்பும், மின்னழுத்த நிலைப்படுத்தியும் இன்றியமையாதவை. சில டன் எடையுள்ள இயந்திரத்தைக் கொண்டைஊசி வளைவுகள் வழியே கொண்டுவரும் செலவும், கெட்டியான தளம் அமைக்கும் செலவும் விலைப்பட்டியலில் இராதவை. ஆனால் தவிர்க்க இயலாதவை.

கட்டுப்பாட்டுக் கருவியும் பழுதுபார்ப்பும்

ஃபானுக், சீமென்ஸ், மிட்சுபிஷி முதலிய நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்திய இயந்திரங்களில் பொருத்தப்படுகின்றன. எது சிறந்தது என்ற விவாதத்தைவிட, அருகில் எதற்குப் பயிற்சியும் பழுதுபார்ப்பும் கிடைக்கும் என்பதே பயனுள்ள வினா. அருகிலுள்ள பயிற்சி நிலையங்களிலும், கஞ்சிக்கோடு, கோவைத் தொழிற்சாலைகளிலும் மிகுதியாக வழங்கும் கருவியையே மலைப்பட்டறையும் தேர்ந்தெடுத்தால், அதில் தேர்ந்த ஆள் கிடைப்பது எளிது.

சிறு தொகுதி வேலையில் புதிய நிரல் நாள்தோறும் தேவைப்படும். ஆகவே வரைபட அளவுகளை வினா-விடை முறையில் திரையிலேயே கேட்டு நிரலைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி, கூடுதல் விலைக்கு ஈடானது. எனினும் நிரலை வரிவரியாகப் படித்தறியும் பயிற்சியும் ஆபரேட்டருக்கு வேண்டும். எங்கே உளி சக்கில் மோதக்கூடும் என்பதை முன்னறிய அதுவே உதவும். பயிற்சியை ஒருவரோடு நிறுத்தாமல் இருவருக்கு அளிப்பது விவேகம்.

பழுது ஏற்பட்டால் பொறியாளர் எத்தனை நாளில் மாட்டுப்பட்டிக்கு வருவார், பயணச் செலவு யாருடையது, எந்தெந்த உதிரிகளைப் பட்டறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பனவற்றை ஆணையிடும் முன்பே முடிவு செய்யவேண்டும். விலையில் சிறிது குறைவான இயந்திரம் ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் நின்றால், அந்தக் குறைவு முழுவதும் கரைந்துவிடும்.

கடனும் வேலைநேரமும்

இயந்திரமும் துணைக்கருவிகளும் சேர்ந்து 30 லட்சம் ரூபாய் என்றும், அதில் 24 லட்சம் கடன் என்றும் கணக்குக்காகக் கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 51,000 ரூபாய். மாதத்தில் 200 மணி நேரம் இயந்திரம் உற்பத்தி செய்தால், மணிக்குத் தவணைச் சுமை 255 ரூபாய். 100 மணியானால் 510 ரூபாய். 40 மணி மட்டுமே வேலை கிடைத்தாலோ 1,275 ரூபாய். இயந்திரத்தின் விலை மாறவில்லை. வேலைநேரம் குறைந்ததே சுமையை ஐந்து மடங்காக்கியது. வங்கியில் விண்ணப்பிக்கும் முன், குறைந்தது 100 மணி நேர வேலையை எந்தெந்தத் தொழிற்சாலைகள், எந்தெந்தப் பாகங்களுக்காகத் தரும் என்று பெயர் குறித்து எழுத இயலாத தொழில் முனைவோர் சிறிது காலம் காத்திருப்பது நல்லது.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. தேசியச் சிறுதொழிற் கழகம் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பின், ராஜ்கோட், ஓக்லா, ஹவுரா, சென்னை ஆகிய இடங்களில் மாதிரிப்பொருள் உருவாக்கத்துக்கும் பயிற்சிக்குமான நிலையங்களை அமைத்தது. தனிப் பட்டறையால் வாங்க இயலாத இயந்திரத்தைப் பொதுவில் அமைத்துப் பலரும் பயன்படுத்தலாம் என்பதே அவற்றின் அடிப்படைக் கருத்து. மலைப்பகுதியிலும் இக்கருத்து பொருந்தும். வேலைகளைத் தொகுத்துச் சமவெளியிலுள்ள எண்வழிப் பட்டறையில் கூலிக்குக் கடைந்துவாங்கினால், எப்பாகம் எத்தனை முறை தேவைப்படுகிறது என்ற உண்மைக் கணக்கு கிடைக்கும். சில பட்டறைகள் கூட்டுறவாக ஓர் இயந்திரத்தை வாங்குவதும் ஆராயத்தக்கது. பிணை தர இயலாத சிறு நிறுவனங்களுக்கென 2000-ஆம் ஆண்டில் கடன் உத்தரவாத நிதியம் ஏற்படுத்தப்பட்டது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான திட்டச்செலவு உச்சவரம்பு 2022-இல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிதல் வேண்டும்.

பழைய எண்வழி லேத்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் எண்ணமும் பலருக்கு எழும். வழித்தடங்களின் தேய்மானத்தையும் ஸ்பிண்டிலின் ஓட்டத்தையும் அளந்து பார்க்காமலும், அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்கு உதிரிகள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதை உறுதி செய்யாமலும் அதில் இறங்கலாகாது. வார்ப்பிரும்பு நாற்பதாண்டு உழைக்கும். மின்னணுப் பலகை அவ்வளவு காலம் சந்தையில் இராது.

மண்ணுக்கேற்ற தேர்வு

கால்நடை வளர்ப்பில் மாட்டுப்பட்டி கற்றுத்தந்த பாடம் இங்கும் பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் இனத்தை அப்படியே எல்லாத் தொழுவங்களுக்கும் கொண்டுசெல்ல இங்கு முயலவில்லை. உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து, கேரளத்தின் தட்பவெப்பத்துக்கும் சிறு விவசாயியின் தீவன வசதிக்கும் ஒத்துவரும் ‘சுனந்தினி’ இனம் உருவாக்கப்பட்டது. அதிகப் பால் தரும் பசு எது என்பதோடு, இந்த வீட்டில் நிலைத்துப் பால் தரும் பசு எது என்பதும் அங்கே கேட்கப்பட்டது.

கடைசல் இயந்திரத்துக்கும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. பட்டியலிட்ட வேலைக்கு ஏற்ற அளவு, விரைவில் முடியும் செட்டிங், தாழ்வேகத்தில் குறையாத வலு, உயரத்துக்கும் ஈரத்துக்கும் தாங்கும் மின்னமைப்பு, அழைத்தால் வரும் பொறியாளர், நிரலை அறிந்த இரண்டு இளைஞர்கள் ஆகிய இவை அமையுமானால், விளம்பரத்தில் பின்வரிசையில் நிற்கும் எளிய லேத்தும் மலைப்பட்டறையை வாழவைக்கும். கொழுந்து குவியும் பருவத்தில் முறிந்த ஷாஃப்டுக்கு மாற்று அன்று மாலைக்குள் தொழிற்சாலைக்குச் சென்றுசேருமாயின், அந்தப் பட்டறைக்கு அடுத்த வேலையும் தானே வந்துசேரும்.